பல்லாவரத்தில் ஏறுகிறவள்

என் வீட்டுக்காரர் எலியேசருக்கு என்னைக் கூப்பிட ஒரு பெயர் போதாது. கல்யாணமான புதிதில் ஷீலா என்பார். எங்கள் மகள் எப்சி பிறந்த பிறகு எப்சிம்மா. இப்போது இரண்டு வருஷமாக 'ஏ ஒன்'. அக்யூஸ்ட் நம்பர் ஒன் என்பதன் சுருக்கம் அது. இரண்டாவதாக ஆளே இல்லாத ஒரு மோசடி வழக்கில் நான் முதலாவதாக இருந்தேன்.

"ஏ ஒன் ஆபீசுக்குக் கிளம்பியாச்சா? டிபன் பாக்ஸ் எடுத்தாச்சா?" என்பார் காலையில். நான் முறைத்தால், "நானூத்தி இருபது முறைச்சா மனுஷனுக்குப் பயமா இருக்காதா?" என்று அதற்கும் ஒன்று வைத்திருப்பார். பென்ஷன் வாங்குகிற மனுஷனுக்குப் பொழுது போக வேண்டாமா, போகட்டும் என்று விட்டுவிடுவேன். சரிதாவைத்தான் என்னால் விட முடியவில்லை. அவளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கிழக்குத் தாம்பரம். பாரிமுனையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. காலையில் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிற ரயிலில், லேடீஸ் பெட்டியில், கதவை ஒட்டின எதிரெதிர் பெஞ்சு இரண்டும் எங்களுடையவை. ரயில்வேக்காரன் எழுதிக் கொடுக்கவில்லைதான். ஆனால் வருஷக்கணக்காக அங்கே நாங்கள் ஆறு பேர் மட்டுமே உட்காருவோம். ஆயுத பூஜைக்கு அந்த ஜன்னல் கம்பிக்குச் சந்தனம் வைத்து, தோரணம் கட்டி, பெட்டி முழுக்கப் பொரி கொடுப்பதும் நாங்கள்தான். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் சுண்டல் என் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் என் பொறுப்பு.

நாங்கள் ஐந்து பேர் தாம்பரத்திலேயே ஏறிவிடுவோம். சரிதா மட்டும் பல்லாவரம். ஒரு ஷிப்பிங் கம்பெனியில் டைப்பிஸ்ட். ரயில் பல்லாவரம் வரும்போது பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் என் கைப்பையை நடைபாதை ஓரத்து சீட்டில் வைத்துவிடுவேன். யாராவது கேட்டால் "ஆள் வருது" என்றால் போதும், நகர்ந்துவிடுவார்கள். சரிதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்க வருவாள். பையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, "தேங்க்ஸ்க்கா" என்று உட்காருவாள். எத்தனை வருஷம் இடம் பிடித்துக் கொடுத்த கை இது! அந்தக் கைக்குத்தான் அவள் விலங்கு மாட்டப் பார்த்தாள்.

மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தின வருஷம் நாங்கள் நிலம் வாங்கினோம். மோகன்ராஜ் என்று ஒரு புரோக்கர், பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு நிலம் காட்டினான். பாவாடை நாடா மாதிரி ஒடுக்கமாக, நீளமாக இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு மனை போடலாம். முதல் மனை ரோட்டை ஒட்டி. ஆறாவது மனை சதுப்பைப் பார்த்தபடி, கொஞ்சம் பள்ளமாக. "ரெண்டு லாரி மண்ணு கொட்டினா சமமாயிடும் மேடம்" என்றான். ஆறு பேரும் பார்த்தோம், ஆறு பேரும் தலையாட்டினோம். எல்லாருடைய பணத்தையும் வாங்கிக் கட்டி, கையெழுத்துப் போட்டு அலைந்தது நான். அதற்கு எனக்கு ஒரு டீ கூட யாரும் வாங்கித் தரவில்லை.

யாருக்கு எந்த மனை என்று ரயிலில்தான் பேச்சு வந்தது. குலுக்கிப் போடலாம் என்றாள் ஒருத்தி. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிற தாயாரம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "குலுக்கினா ஒருத்தி சிரிப்பா, ஒருத்தி வவுறு எரிவா. அந்தப் பேஜாரே வாணாம்" என்றாள். அப்போது நான்தான் சொன்னேன், "தினம் சண்டையில்லாம ஒரு வரிசையில உட்கார்றோம் இல்ல? அதே வரிசையில எடுத்துக்குவோம்" என்று. எல்லாரும் கை தட்டினார்கள். சரிதாவும் தட்டினாள்.

ஆக, ஜன்னலோரம் உட்காருகிற எனக்கு ரோட்டோர மனை. எதிர் ஜன்னல் தாயாரம்மாளுக்கு இரண்டாவது. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் நடைபாதை ஓரத்து சரிதாவுக்கு ஆறாவது. இதைவிட நியாயமான பங்கீடு உலகத்தில் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஐந்து பேருக்கும் ஏற்கெனவே சொந்த வீடு இருந்தது. அந்த மனை எங்களுக்கு விலை ஏறுகிறவரைக்கும் போட்டு வைக்கிற ஒரு முதலீடு. சரிதா மட்டும்தான் வாடகை வீட்டில் இருந்தாள். கடன் வாங்கி, நகையை வைத்து, மறு வருஷமே அங்கே இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகக் கட்டிக் குடிபோய்விட்டாள். கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். வடை நன்றாகவே இருந்தது.

அந்த வருஷம்தான் அந்த மழை. சென்னையே மிதந்தது. சரிதா இரண்டு வாரம் ரயிலுக்கு வரவில்லை. போன் போட்டால் மணி அடிக்கவில்லை. போய்ப் பார்க்கலாமா என்று எங்களுக்குள் பேசாமல் இல்லை. பள்ளிக்கரணை போகிற வழியில், கீழ்க்கட்டளைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸே ஓடவில்லை, நீந்தியா போவது? மழை விட்ட பிறகு ஒருநாள் பல்லாவரத்தில் வந்து ஏறினாள். யாருடையதோ தொளதொள ரவிக்கை, சாயம் போன சேலை. எங்கள் பெஞ்சில் கிண்டல் இல்லாமல் ஒரு நாள் விடியாது. பெட்டியே கேட்கும்படி நான் கேட்டேன்.

"என்னடி சரிதா, படகுலயா வந்த?"

பெட்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்ததை நான் பார்த்தேன்.

அடுத்த மாதம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஆள் வந்தது. நிலம் வாங்கித் தருவதாக நம்ப வைத்து, நல்ல மனையை நானே வைத்துக்கொண்டு, தண்ணீர் நிற்கிற மனையைத் தெரிந்தே அவள் தலையில் கட்டிவிட்டதாகச் சரிதாவின் புகாரில் எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாருக்கு எந்த மனைன்னு எப்படிம்மா முடிவு பண்ணீங்க?"

"உட்கார்ற வரிசைப்படி சார்."

"எங்க உட்கார்ற வரிசை?"

"ரயில்ல சார்."

பேனாவைக் கீழே வைத்தார். டீ வரவழைத்துக் குடித்தார். பிறகு பேனாவை எடுத்து, நானூத்தி இருபது என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவள் நான். தெருவில் தலை காட்ட முடியவில்லை எனக்கு.

அதற்குப் பிறகு அவளுக்கு இடம் பிடிக்க எனக்கென்ன பைத்தியமா? அந்த சீட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற நாலு பேரும் பையை வைக்கவில்லை. சரி, அவள் வேறு பெட்டிக்குப் போக வேண்டியதுதானே? மாட்டாளாம். அதே ரயில், அதே பெட்டி. பல்லாவரத்தில் ஏறி, எங்கள் பெஞ்சுக்கு நடுவில் வந்து, மேலே தொங்குகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பீச் வரைக்கும் நிற்பாள். இரண்டு வருஷம்! என் வக்கீல் அவளோடு பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் வக்கீலும் அதையே சொல்லியிருப்பார் போல. அவள் புடவை முந்தானை என் முழங்காலில் உரசும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் உயிரை வாங்கத்தான் அங்கே வந்து நிற்கிறாள் என்று வீட்டில் வந்து புலம்புவேன்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். எப்சி விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

எப்சி மஸ்கட்டில் இருக்கிறாள். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து உண்டானாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரலாம் என்று தொட்டில் துணி முதற்கொண்டு துவைத்து வைத்திருந்தேன். படுக்கையை விட்டே இறங்கக்கூடாது, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். மருமகனுக்கு அம்மா இல்லை. நான்தான் போக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால், கிரிமினல் வழக்கு நிலுவையில் இருப்பதால் கிடையாது என்று பதில் வந்தது. தாம்பரம் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம் என்றால் மாஜிஸ்ட்ரேட் மாற்றலாகிப் போய், புதியவர் வரவில்லை. "அம்மா, எப்பம்மா வர?" என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வருவேன். அந்த நாட்களில் எலியேசர் கூட ஏ ஒன் என்று கூப்பிடவில்லை.

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருக்கிற வக்கீல் சுந்தர்சிங்தான் வழி சொன்னார். "ஹைகோர்ட்ல குவாஷ் பெட்டிஷன் போடலாம்க்கா. வழக்கையே ரத்து பண்ணச் சொல்லி. வேரோட பிடுங்கிடலாம். இது சிவில் தகராறு, வேணும்னே கிரிமினல் சாயம் பூசியிருக்காங்கன்னு வாதாடுறேன். ஆரம்பத்துல இருந்தே ஏமாத்துற எண்ணம் இருந்துச்சாங்கறதுதான் கேள்வி."

"ஆரம்பத்துல இருந்தே நான் தாம்பரத்துல ஏர்றவ. அது ஒரு குத்தமா?"

"கோர்ட்ல நீங்க வாயே திறக்காதீங்கக்கா" என்றார் சுந்தர்சிங்.

வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். நீதிபதி காகிதங்களைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "ரயில் சீட்டை வச்சா மனையைப் பிரிச்சாங்க?" என்று கேட்டார். ஆமாம் மை லார்ட் என்றார் சுந்தர்சிங். கோர்ட்டில் உட்கார்ந்திருந்த கறுப்புக் கோட்டுகள் எல்லாம் குனிந்துகொண்டு குலுங்கின. நீதிபதி என்னைப் பார்த்தார்.

"இப்பவும் ஒரே ரயில்லதான் போறீங்களா?"

"ஆமாங்கய்யா. தினம் என் எதிர்லதான் நிக்கிறா."

"நிக்கிறாங்களா?"

"ஆமாங்கய்யா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஏனோ புடவையைச் சரிசெய்துகொள்ளத் தோன்றியது. "எது உண்மை, எது பொய்னு விசாரிக்கத் தாம்பரம் கோர்ட் இருக்கு. நான் அதுக்குள்ள போக முடியாது" என்றார். "புகார் கொடுத்த அம்மாவுக்கே ஆட்சேபணை இல்லைன்னா அது வேற விஷயம். அடுத்த வியாழக்கிழமை அவங்களையும் வரச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் சுந்தர்சிங் என்னிடம் சொன்னார். "ரெண்டு வருஷமா பேசாதீங்கன்னு சொன்னேன் இல்லக்கா? இப்பப் பேசுங்க."

லேசில் பேச வருமா? மறுநாள் ரயிலில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீனம்பாக்கம் போனது, பரங்கிமலை போனது. கடைசியில் எதிர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

"தாயாரம்மா, வியாழக்கிழமை ஹைகோர்ட்டுக்கு வரணும்னு அவங்ககிட்டச் சொல்லு. எப்சிக்காகன்னு சொல்லு."

"தாயாரம்மா, என் வக்கீல் சொல்லிட்டாருன்னு அவங்ககிட்டச் சொல்லு" என்றாள் சரிதா.

"இன்னாமே இது! உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நானு இன்னா டெலிபோன் கம்பமா?" என்று தாயாரம்மாள் கத்தினாள். "ஒரு மொழம் தூரம் கூட இல்ல. அவ காது இங்கதானே கீது!"

"வர்றேன்னு சொல்லு. அங்க வந்து என்ன சொல்லுவேன்னு இப்பச் சொல்ல மாட்டேன்னும் சொல்லு" என்றாள் சரிதா. அதோடு சரி.

அந்த வாரம் நான் தூங்கின மாதிரி இல்லை. மாட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எப்சி அங்கே தனியாகப் பிள்ளை பெறுவாள், நான் இங்கே தாம்பரம் கோர்ட் வாசலில் என் பெயரைக் கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை கோட்டை ஸ்டேஷனில் இரண்டு பேரும் ஒரே கதவு வழியாக இறங்கினோம். ஒரே ரோட்டைத் தனித்தனியாகக் கடந்தோம். கோர்ட்டில் அடையாள அட்டை கேட்டார்கள். அவள் ரயில்வே சீசன் டிக்கெட் கார்டை எடுத்து நீட்டினாள். நானும் அதையேதான் கொண்டு போயிருந்தேன். சுந்தர்சிங் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அரசு வக்கீல் இரண்டு கார்டையும் மேலே அனுப்ப, நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு இவங்க என்ன வேணும்?" என்று சரிதாவைக் கேட்டார்.

"எதிர் சீட்டுங்கய்யா."

மறுபடியும் கறுப்புக் கோட்டுகள் குலுங்கின. நீதிபதி சிரிக்கவில்லை. "யாராவது மிரட்டினாங்களா? ஏதாவது தர்றோம்னு சொன்னாங்களா?"

"இல்லைங்கய்யா. யாரும் எங்கிட்டப் பேசறதே இல்லை."

"நிலம் இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. வீட்டைப் பூட்டிட்டு நாங்க கீழ்க்கட்டளைல வாடகைக்கு வந்துட்டோம். மழைன்னாலே சின்னவன் அழறான்."

"கேஸை ரத்து பண்றதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்காம்மா? முதல்ல ஏன் போட்டீங்க?"

மேலே கைப்பிடி இருக்கிற மாதிரி சரிதாவின் வலது கை லேசாக உயர்ந்து, மறுபடி இறங்கியது.

"மனை பள்ளம்னு எனக்கும் தெரியுங்கய்யா. அக்கா ஏமாத்தலை. மழையில கழுத்து வரைக்கும் தண்ணி. ரெண்டு பசங்களையும் தூக்கிட்டு ராத்திரி முழுக்க மொட்டை மாடியில நின்னோம். யாராவது வருவாங்கன்னு பாத்தேன். கடைசியில கோவளத்துப் பக்கத்துல இருந்து மீன்பிடிக்கிறவங்க படகு கொண்டுவந்து இறக்கினாங்க. யாரோ ஒரு அம்மா அவங்க துணியைக் கொடுத்தாங்க. அதைக் கட்டிக்கிட்டுதான் வேலைக்கு வந்தேன். இவங்க எல்லாரும், படகுலயா வந்தேன்னு கேட்டுச் சிரிச்சாங்க." அவள் என் பக்கம் திரும்பவில்லை. "நான் நெஜமாவே படகுலதான் வந்தேங்கய்யா."

இப்போது ஒருவரும் குலுங்கவில்லை. எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

"அதை எங்கயாவது ஒரு இடத்துல சொல்லணும்னு தோணுச்சு. போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னா அவங்க வேற மாதிரி எழுதிட்டாங்க" என்றாள் சரிதா. "இப்பச் சொல்லிட்டேன். எப்சிக்கு இது எட்டாவது மாசம். அவ கல்யாணத்துக்கு மாலை கட்டினது நான்தான். அம்மா பக்கத்துல இல்லாம அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? எனக்கு ஆட்சேபணை இல்லைங்கய்யா."

"எட்டாவது மாசம்னு உங்களுக்கு யாரு சொன்னா? பேசறதே இல்லைன்னீங்களே?"

"தினம் பக்கத்துலதானே நிக்கிறேன். எல்லாம் காதுல விழும்."

நீதிபதி கீழே குனிந்து ஏதோ எழுதினார். வழக்கு ரத்து செய்யப்படுகிறது என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் படியிறங்கி வெளியே வருவதற்குள் சரிதா ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டிருந்தாள். சுந்தர்சிங் கை கொடுத்தார்.

"ஏ ஒன் விடுதலை ஆயாச்சு. இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?" என்றார் எலியேசர், சாயங்காலம். படகு விஷயத்தைச் சொன்னேன். அவர் டி.வி.யை அணைத்தார். "நீயா அப்படிக் கேட்ட?" என்றார். நான் காய் நறுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை தாம்பரத்தில் ஏறியவுடன் என் பையை நடைபாதை ஓரத்து சீட்டில் வைத்தேன். தாயாரம்மாள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். சானடோரியத்தில் ஒரு காலேஜ் பெண் வந்து பையை எடுக்கச் சொன்னாள்.

"ஆள் வருது" என்றேன்.

குரோம்பேட்டையில் ஏறினவள் லேசுப்பட்டவள் இல்லை. "இம்மாங் கூட்டத்துல சீட்டு காலியா கீது. எந்த மகாராணி வர்றாங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். வரும் என்றேன். வராவிட்டால்? ஒரு நாள் லீவு போட்டுவிட்டால்? கோர்ட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி இவளுங்க சங்காத்தமே வேண்டாம் என்று முன் பெட்டிக்குப் போய்விட்டால்? எட்டிப் பையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பல்லாவரம். கூட்டம் உள்ளே பாய்ந்தது. அதற்கு நடுவில் சரிதாவின் தலை தெரிந்தது. வந்தாள். பழக்கதோஷத்தில் நேராகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் காலி சீட்டைப் பார்த்தாள். உட்காரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. குரோம்பேட்டைக்காரி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இன்னிக்குக் கேக்க மாட்டீங்களா?" என்றாள் சரிதா.

"என்னத்தடி?"

"எதுல வந்தேன்னு."

எனக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. தாயாரம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"எதுலடி வந்த?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுலதான்க்கா" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை விட்டு உட்கார்ந்தாள்.